பன்னிரண்டாவது சீட்டுக்காரர்

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் இடது முழங்கால் இப்போதாவது மடங்குகிறதா என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். போனிலேயே சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். கடிதம் என்றால் முடியும்வரை நான் மட்டுமே பேசலாம். முப்பத்து நாலு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு இந்த ஒரு சலுகையையாவது கொடுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், ஜன்னல் ஓரமாக மூன்றாவது மேஜையை உங்கள் மருமகளுக்காக, அதாவது என் மகளுக்காக, பிடித்து வைத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். போன மாதம் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "காட்டுல மான் எங்க இருக்குன்னு விரல் நீட்டிக் காட்டுறதுக்கா இவளை இவ்வளவு படிக்க வெச்சீங்க மாப்ளே?" என்று கேட்டீர்கள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை, எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது. என் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "வனத்துறை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவேன். இனிமேல் திருப்பமாட்டேன். காரணத்தைத்தான் எழுதப் போகிறேன், நிதானமாகப் படிக்கவும்.

அந்தக் காடு ஒன்றும் தொலைதூரத்தில் இல்லை. நான் கடைசி ஒன்பது வருடம் வேலை பார்த்த தடத்தின் கடைசி நிறுத்தமே அதன் வாசல்தான். ஒன்பது வருடம் அங்கே பஸ்ஸைத் திருப்ப விசில் ஊதி, டீ குடித்துவிட்டு வந்தேனே தவிர, ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஊரின் கடைசி அடுக்குமாடிக்கும் காட்டின் முதல் மரத்துக்கும் நடுவே ஒரு டயர் கடை மட்டும் இருக்கிறது. மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் மான் மேய்வதைப் பார்க்கலாம், மானும் அவர்களைப் பார்க்கலாம். வாசலில் டிக்கெட் எடுத்தால் பன்னிரண்டு பேர் உட்காரும் திறந்த ஜன்னல் வேனில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள். டிரைவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் விளக்குகிறவள்தான் உங்கள் மருமகள். ஆறு மாதம் தற்காலிகம். கடைசி மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி சாதாரணப் பயணிபோல ஏறி வருவார், யார், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது, அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரமாகும். இதைச் சொல்லிவிட்டு அவள், "அப்பா, இந்த ஒரு மாசம் மட்டும் அந்தப் பக்கம் வந்துடாதீங்க. சொந்தக்காரங்க வண்டியில இருந்தா சிக்கல்" என்றாள். "நான் எதுக்கும்மா வர்றேன், எனக்கு என்ன வேலை" என்றேன். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், அவருடைய போனில் சனிக்கிழமை காலைக்கு ஒரு சீட்டு போட்டேன். கடைசி சீட்டு, பன்னிரண்டாம் எண்.

ஏன் என்று கேட்காதீர்கள். பெற்ற பெண் வேலை செய்வதை ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். உங்கள் தங்கையிடம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, காதை மூடுகிற தொப்பி, வாய்க்கு முகமூடி. நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. போய்ச் சேர்ந்ததும் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு, மற்ற பதினொரு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கடைசியாகப் பூனைபோல ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்து, "வாங்க சார், பெல்ட் போட்டுக்குங்க" என்றாள். சார்! பெற்ற மகளே ஏமாந்துவிட்டாள் மச்சான். என் வேஷத்தின் திறமையை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏறினதும் முதல் வேலையாக அதிகாரி யார் என்று நோட்டம் விட்டேன். கண்டக்டர் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம், டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். முன்னால் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டே வந்தது, அவர்கள் இல்லை. தண்ணீர்க் குழாய் நீளத்துக்குக் கேமரா வைத்திருந்தவர் இல்லை. என் பக்கத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள், இல்லவே இல்லை. நடு வரிசையில் விறைப்பான மீசையோடு ஒருவர், கையில் நோட்டுப் புத்தகம், என்னமோ எழுதிக்கொண்டே வருகிறார். பிடித்துவிட்டேன்! அவருக்கு என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். "சார், காத்து நல்லா வருதா? வெயில் அடிக்குதா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசாரித்தேன். "வழிகாட்டி ரொம்ப நல்லாச் சொல்றாங்க இல்ல சார்?" என்று அவர் காதில் விழும்படி வானத்தைப் பார்த்துச் சொன்னேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார்.

அவள் பேசியதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நம் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்கிற பெண், அங்கே மடை திறந்தாற்போலப் பேசுகிறாள். ஓரத்தில் கிடந்த சாணியைப் பார்த்து யானை எத்தனை மணிக்குப் போயிருக்கும், என்ன தின்றிருக்கும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொன்னாள். நம் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து, இதுவரை யாராவது சாணியைப் பார்த்து நேரம் சொல்லியிருக்கிறார்களா? கேமராக்காரர் பாதி வழியிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சிறுத்தை இருக்குன்னு போர்டு போட்டிருக்கீங்க, ஒண்ணையும் காணோமே" என்றார். இவள் சிரித்துக்கொண்டே, "டிக்கெட் வாங்கினது நீங்க சார், அது வாங்கல. வரணும்னு அதுக்குக் கட்டாயம் இல்லையே" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்துபோய், பக்கத்து அம்மாளிடம், "இந்தப் பொண்ணு சின்ன வயசுல அடுப்படிப் பல்லிக்குப் பயந்து நாற்காலி மேல ஏறி நின்னு அழுவாங்க, இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "முகத்தைப் பார்த்தா… அப்படித் தோணுச்சு" என்றேன். "ஓகோ" என்றார். சமாளித்துவிட்டேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வளைவு திரும்பினதும், பாதைக்குக் குறுக்கே யானை. ஒன்றல்ல, ஆறு. நடுவில் ஒரு குட்டி. அவள் கையைத் தூக்க, டிரைவர் வண்டியை நிறுத்தினார். "யாரும் பேசாதீங்க, எழுந்திருக்காதீங்க. அதுங்க தாண்டிப் போகட்டும்" என்றாள். ஐந்து யானையும் தாண்டிவிட்டன. கடைசியாக ஒரு பெரிய பெண் யானை நடுப் பாதையில் நின்று எங்கள் பக்கம் திரும்பியது. அதற்கும் என் பெண்ணுக்கும் நடுவே பத்தடி இருக்கும், அவள் நின்ற பக்கம் கதவு என்று பேருக்கு ஒரு கம்பிதான். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கை தானாக மேலே போய், வேன் கூரையை இரண்டு தட்டு தட்டி, முப்பத்து நாலு வருடக் குரலில் "ரைட், போலாம்!" என்று கத்திவிட்டேன். அந்த டிரைவரும் ஒரு காலத்தில் டவுன் பஸ் ஓட்டியவராம். வேறு டிப்போ, ஆனால் எந்த டிப்போவானாலும் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கிளப்பு. பாவம், அவருடைய காலும் தானாகப் போய்விட்டது. வேன் ஒரு குதி குதித்து யானையைப் பார்த்து முன்னால் போனது. யானை காதை விரித்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தது.

வேனில் எல்லோருக்கும் முழி பிதுங்கிவிட்டது. கேமராக்காரர் கேமராவைக் காலுக்கடியில் போட்டுவிட்டார். என் பெண் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை மச்சான். "நிறுத்துங்கண்ணே. இன்ஜினை அணைச்சிடுங்க" என்றாள். அணைத்தார். "யாரும் கையை வெளியே நீட்டாதீங்க. குட்டி இன்னும் ஓரமா நிக்குது, அது போற வரைக்கும் இது நகராது. கோபமில்ல, கவலைதான். நாம அசையாம இருந்தா அதுவும் சும்மா இருக்கும்" என்று, ஸ்கூலில் பாடம் எடுப்பதுபோல மெதுவாகச் சொன்னாள். பதினாலு நிமிடம் நின்றோம். அந்தப் பதினாலு நிமிடமும் அவள் யானையைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். குட்டி புதருக்குள் போனதும் பெரியது காதை மடக்கிக்கொண்டு, அதன் வழியில் போனது. பிறகு அவள் மெல்லத் திரும்பி, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "கடைசி சீட் பெரியவரே, இந்த வண்டியில போலாம்னு சொல்றதுக்கு ஒரே ஆளுக்குத்தான் உரிமை. அது நீங்க இல்ல. இன்னொரு தடவை தட்டினா இங்கேயே சுற்றை முடிச்சுத் திருப்பிடுவேன்" என்றாள். முப்பத்து நாலு வருடம் நான் ஆயிரம் பேரை அதட்டியிருக்கிறேன். என்னை அதட்டியது அவள் ஒருத்திதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். நல்லவேளை, கறுப்புக் கண்ணாடி மறைத்துவிட்டது.

வாசலில் இறங்கினதும் மீசைக்காரரிடம் ஓடி, "சார், அறிக்கையில நல்லபடியா எழுதுங்க" என்று கையைப் பிடித்தேன். அவர் நோட்டைக் காட்டினார், மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலாம். அப்போது என் பக்கத்துச் சீட்டு அம்மாள் துணிப்பையிலிருந்து தலைமை அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒன்றரை மணி நேரமும் அந்த அம்மாளிடம்தான் பல்லிக் கதை பேசியிருக்கிறேன்! அவர் நேராக என்னிடம் வந்து, "ஐயா, உங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஏதாவது சொந்தமா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அவள் வேலை போய்விடும். "இல்லீங்கம்மா, நான் யாரோ" என்றேன். வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன், இதைச் சொல்லும்போது மட்டும் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. என் வேஷம் கடைசிவரை கலையவில்லை, அதனால்தான் அவள் வேலையும் தப்பியது என்பதை இங்கே அடக்கத்தோடு குறிப்பிடுகிறேன். உங்கள் அலுவலக மேஜையை வேறொரு நல்ல பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அக்கறையில்தான் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், மனத்தாங்கல் வேண்டாம். இனி யாராவது என் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "யானையையே காத்திருந்து வழியனுப்புகிறாள்" என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்குச் சீக்கிரம் குணம் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் அவள் வந்து இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு உள்ளே போய், உத்தரவோடு வந்த அன்றைய பயணிகள் பட்டியலின் நகலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டு போட்ட அன்றே அவளிடம் சொல்லிவிட்டாராம். சொந்தக்காரர் யாராவது வந்தால் வழிகாட்டி அதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மறைத்தால்தான் வேலை போகுமாம். பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே அவள் கையெழுத்தில் இருந்தது: "என் அப்பா. தெரியாதவர்போல வருவார். நான் வேலை செய்வதைப் பார்க்க ஆசைப்படுகிறார். அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." நான் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்திருந்த நேரத்தில் வேனில் இருந்த பதினொரு பேரிடமும், "கடைசியா ஏறப்போறவர் என் அப்பா, அவரைக் கண்டுபிடிச்சிட்டதாகக் காட்டிக்காதீங்க, மனசு கஷ்டப்படுவார்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆகவே மேலே என் சாமர்த்தியம் என்று எழுதியதை எல்லாம் நீங்களே அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "அப்ப எல்லாமே நடிப்பா? என்னைத் திட்டினதும் நடிப்புதானா?" என்று கேட்டேன். "அது நடிப்பில்லப்பா. நிஜமாவே திட்டினேன்" என்றாள். இந்தக் கடைசி வரியை மட்டும் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.