இஞ்சினியரின் சிவப்புக் காரில் நான் வயர் இழுத்த கதை

இத்தாலிக்கு வந்த எங்களில் அநேகம் பேர் ஆளுக்கொரு பொய் சொல்லித்தான் வேலை எடுத்தோம். சமைக்கத் தெரியும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். நான் சொன்ன பொய் கொஞ்சம் ஆடம்பரமானது. வீட்டு வேலையோடு எலக்ட்ரிக் வேலையும் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேடியோவைப் பாட வைப்போம். எங்கள் ஒழுங்கையில் அந்த வயரைப் பிடித்தவன் நான். ஒருவன் பெடலைச் சுழற்றினால் ரேடியோ பாடும். அவனுக்குக் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். சுவிட்ச் என்று ஒரு சாமான் இடையில் வந்ததேயில்லை. மிதிப்பவனின் கால்தான் சுவிட்ச். (எலக்ட்ரிக்கில் நான் பெற்ற மேற்படிப்பு இவ்வளவுதான்.)

வேலை செய்த வீடு பலெர்மோவில், மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் வழியில் மரங்களுக்குள் இருந்தது. வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா கார்மெலாவுக்கு அப்போது எழுபது வயது. கணவர் நீனோ, இஞ்சினியர், செத்து இரண்டு வருடம். கராஜில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் சால்வோ எடுத்து ஓட்டுவார். மற்ற நாட்களில் அதைத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் மூடி வைப்பார்கள். எங்கள் ஊரில் எதை அப்படி மூடுவோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. தூசு தட்டப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் தட்டினேன்.

அந்த நேரம் என் மனைவி வசந்தி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் எட்டு மாதமாகக் காத்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு, எனக்கு வேலையும் எங்கள் இருவருக்கும் தங்க அறையும் இருக்கிறது என்று குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதி முடிந்து சிஞ்ஞோராவின் மேசையில் கிடந்தது. கையெழுத்துத்தான் பாக்கி. அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன்.

"நீனோவைக் கேக்காமல் நான் ஒரு நாளும் ஒண்டிலையும் கையெழுத்து வைச்சதில்லை," என்றார். "இப்ப ஆரைக் கேக்கிறது, ரவி?"

கடிதம் மேசையிலேயே கிடந்தது. வசந்தி ஒவ்வொரு கிழமையும் போனில் கேட்டாள், நான் ஒவ்வொரு கிழமையும் இருமினேன்.

ஒக்டோபர் கடைசியில் சால்வோ அமெரிக்கா போய் வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுதான். வீதியில் பொலிஸ்காரர் வேகம் பிடிக்கும் ராடார் வைத்திருந்தால், கிட்டப் போகுமுன்பே இது பீப் பீப் என்று கத்திக் காட்டிக்கொடுக்குமாம். இத்தாலியில் இதற்குத் தடை, அதனால் மெக்கானிக்கிடம் போக முடியாது. அப்பாவின் காரில் கைவைத்தது அம்மாவுக்கும் தெரியக்கூடாது. வீட்டிலேயே ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கும்போது என்ன கவலை என்று என் தோளில் தட்டினார். காரில் மாட்டிப் பூட்டிக் கொடுத்தால் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் கதைப்பதாகவும் சொன்னார். அந்தக் கையெழுத்துக்காக நான் காரைப் பறக்க வைக்கவும் தயாராக இருந்தேன்.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோரா பூசைக்குப் போனதும் துணியை விலக்கினேன். முதலில் காரின் நெற்றியில் விபூதி பூசி, இஞ்சினியரிடம் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பெட்டியை யாருக்கும் தெரியாதபடி டாஷ்போர்டுக்குள், காற்று வரும் கம்பித் தட்டியின் பின்னால் செருகினேன். கூட வந்த இங்கிலிஷ் புத்தகம், சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயரைத் தேடிப் பிடிக்கச் சொன்னது. பற்றரி முன்னால் நிற்கும்போது எதற்கு இந்தச் சுற்று? சோதித்துப் பார்க்க இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, சிவப்பை அதன் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் நேரே பூட்டிவிட்டேன்; பெட்டி மூன்று முறை கத்தி அடங்கியது. இஞ்சின் ஓடாவிட்டால் கரண்ட்டும் ஓடாது, மிதிப்பவன் இறங்கினால் ரேடியோ நிற்பதுபோல. அப்போது என்னிடம் இருந்த விஞ்ஞானம் அதுதான். இஞ்சினை நிறுத்தி, புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துத் துணியை மூடி, சாவியை மாடி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சூட்டுக் காற்று வீசியது. ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, அன்று மாடிக்குத் திருட்டு அலாரமும் போட்டுவிட்டு சிஞ்ஞோரா பூசைக்குப் போய்விட்டார். நான் கராஜுக்குப் பக்கத்து அறையில் அவருடைய கறுப்பு உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அடைத்த வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அப்போது கராஜுக்குள் யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. சளி பிடித்த குருவி கத்துவதுபோல் இருந்தது.

போய்ப் பார்த்தேன். கராஜில் யாரும் இல்லை. வெள்ளைத் துணிக்குள், முகம் இருக்கக்கூடிய உயரத்தில், சிவப்பாக ஒன்று மினுங்கி அணைந்தது. சாவி மாடியில் ஆணியில் தொங்குகிறது, நான் என் கண்ணால் பார்த்தது. சாவி இல்லாத கார் செத்த கார். செத்த கார் எப்படிக் கத்தும்? நான் பூட்டிய பெட்டி நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் மிதிக்க ஆள் இல்லையே. ஆகவே வேறு யாரோ மிதிக்கிறார் என்ற முடிவுக்குத்தான் என் மூளை போனது. கையில் சூட்டு அயனோடு தோட்டத்துக்கு ஓடினேன். வயர் ஆறடிதான், சுவரிலிருந்து கழன்று என் பின்னால் இழுபட்டு வந்தது. அதையும் யாரோ துரத்துவதாக நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

சிஞ்ஞோரா வந்து மாடிக் கதவைத் திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது. மூன்று நாள் இதே கதை. அவர் போனால் கூப்பிடும், வந்தால் வாய் மூடும். நான்காம் நாள் அவர் மாடிக்குப் போகாமல் தோட்டத்து வழியாக நேரே கராஜுக்கு வந்துவிட்டார். சத்தத்தைக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ பயப்படவில்லை, கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"செத்தாக்களின்ரை நாள் வருகுதல்லோ," என்றார். "வந்திட்டார்."

பலெர்மோவில் நவம்பர் இரண்டாம் திகதி செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள். இவர்களுக்கு அது கொண்டாட்டம். எங்களுக்குச் செத்தவர் திரும்பி வந்தால் காய்ச்சல் வரும். சிஞ்ஞோரா அன்றிலிருந்து கதிரை போட்டுக் காரின் பக்கத்தில் இருந்து கதைக்கத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் பாடுவதைக் கேட்டேன். எனக்கு அந்தப் பாட்டுத்தான் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

நவம்பர் இரண்டாம் திகதி காலை அவர் கல்லறைக்குப் போனபோது, கராஜ் கதவடியில் அலாரத்தின் சிவப்பு விளக்கைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்த விளக்கு எரிந்த நாட்களில்தான் கார் கத்தியது. சட்டைப் பையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சில வீட்டு அலாரங்களும் ராடார்போல் அலை அனுப்பும், பெட்டி ஏமாந்து கத்தும் என்று போட்டிருந்தது. பற்றரியில் நேரே பூட்டினால் பெட்டி எப்போதும் விழித்திருக்கும் என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. பேய்ப் பயம் போய் சிஞ்ஞோராப் பயம் வந்தது. வயரைக் கழற்றினேன். சத்தம் அடங்கியது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்து முகம் கழுவினேன்.

அரை மணித்தியாலத்தில் சிஞ்ஞோரா வந்தார். கையில் என் கடிதமும் பேனாவும். என்னையும் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போய், மாடி அலாரத்தைப் போட்டு, துணியை விலக்கினார். "வீடு பூட்டியிருந்தால்தான் கதைப்பார்," என்று எனக்கு விளக்கம் வேறு.

"நீனோ, ரவியின்ரை மனுசி இஞ்சை வரட்டோ? ஓம் எண்டால் ஒருக்காக் கூப்பிடுங்கோ."

கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? அவருடைய வாயை அரை மணித்தியாலத்துக்கு முன் என் கையால்தானே கழற்றினேன். சிஞ்ஞோரா இன்னொரு முறை கேட்டார். லொட்ஜ் கட்டிலில் பயணப் பெட்டியோடு வசந்தி இருப்பது என் கண்ணுக்குள் தெரிந்தது. சிஞ்ஞோரா அலாரத்தை நிறுத்தினார், மாடிப் படியில் கால் வைத்தார், அங்கேயே நின்று அழுதார். திரும்பவும் போய்விட்டார், திரும்பவும் போய்விட்டார் என்று அதையே சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. கடிதம் கிழிந்தால் கிழியட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் இத்தாலியனில் பாதி, கையால் பாதி. தட்டியைக் கழற்றிப் பெட்டியையும் காட்டினேன். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அவர் வரேல்லையோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகக் கஷ்டமான 'இல்லை' அது.

அவர் கண்ணைத் துடைத்தார். "பூட்டு," என்றார். நான் விழித்தேன். "வயரைத் திருப்பிப் பூட்டு, ரவி." சிவப்பைச் சிவப்பில் வைத்தேன். பீப் என்றது. ஒரே ஒரு முறை.

"ஓம் எண்டிட்டார்," என்று சொல்லி, காரின் மேலேயே கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரம் நிலத்தைத் துடைக்கும்போதுதான் யோசித்தேன். அலாரம் அப்போது நிறுத்தியிருந்தது. கரண்ட் கிடைத்ததும் தன்னைச் சோதிக்க அந்தப் பெட்டி மூன்று முறை கத்தும். முதல் நாள் பூட்டியபோதும் மூன்று முறைதான் கத்தியது. பற்றரி தளர்ந்திருக்கும் என்று சால்வோ சொன்னார். நானும் அப்படித்தான் நம்புகிறேன், பகலில்.

வசந்தி வந்து மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போய், 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதினாள். அப்பாவுக்கு அம்மாவைக் கூப்பிடத் தெரியவில்லை, செத்துப்போன ஒரு இஞ்சினியர்தான் அம்மாவைப் பலெர்மோவுக்குக் கூப்பிட்டார் என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரை இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சண்டை வரும்போதெல்லாம் வசந்தி அதைக் கைகாட்டி, "என்னோடை பிரச்சினை எண்டால் கூப்பிட்ட ஆளிட்டைப் போய்க் கதையுங்கோ," என்கிறாள். நான் உடனே சண்டையை நிறுத்திவிடுகிறேன்.