பின் சீட்டுக்காரன் மிதிக்கிறானா?

பின்னால் உட்கார்ந்திருப்பவன் மிதிக்கிறானா, மிதிப்பதுபோல் நடிக்கிறானா? மலைச்சாலையின் இரண்டாவது வளைவிலேயே ரொட்டிக் கடைக்காரருக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

வந்த சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை. அது இரட்டைச் சைக்கிள். ஒரே வண்டி, முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு, இரண்டு ஜோடிப் பெடல். இரண்டு ஜோடியையும் ஒரு சங்கிலி சேர்த்துக் கட்டியிருந்தது. ஒருவர் மிதித்தால் மற்றவரின் பெடலும் தானாகச் சுற்றும். காலைச் சும்மா அதன்மேல் வைத்திருந்தால் போதும், பார்க்கிறவர்களுக்கு உயிரைக் கொடுத்து மிதிப்பதுபோலவே தெரியும்.

"மாப்ளே, மிதிக்கிறியா?"

"மிதிச்சுக்கிட்டுத்தானே மாமா இருக்கேன்."

"அப்புறம் ஏன் வண்டி நகர மாட்டேங்குது?"

"மேடு மாமா. மேட்டுல அப்படித்தான் இருக்கும். நீங்க ரோட்டைப் பாருங்க. ஓரமாப் போங்க, பின்னாடி லாரி வருது."

"வழி சொல்ல மட்டும் நல்லாத் தெரியுது" என்று ரொட்டிக் கடைக்காரர் தன் ஹேண்டில்பாரிடம் சொன்னார்.

பின்னால் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அதாவது, பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களை ஓட்ட விட்டு, வாயாலேயே ஊர் சுற்றிச் சம்பளம் வாங்கியவன். அந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிற அவனை நம்பித்தான் ரொட்டிக் கடையில் பாதியை எழுதிக் கொடுக்கப் போகிறார். திங்கட்கிழமை கையெழுத்து.

கொடுக்காமல் இருக்கவும் முடியாது. மாவு பிசைந்து பிசைந்து அவருடைய வலது தோள் துணி காயப்போடக்கூட உயர மறுத்தது. ஒன்று, நம்பிக்கையான ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். இல்லையென்றால், எப்போது விற்பார் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும் பிஸ்கட் கம்பெனிக்குக் கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அப்பா காலத்து அடுப்பை பிஸ்கட் கம்பெனி இடித்துத்தான் போடும்.

"கூட்டாக் கடை நடத்தப் போறீங்க. முதல்ல கூட்டா ஒரு சைக்கிளை ஓட்டிக் காட்டுங்க" என்று சொன்னது அவர் மனைவி. "மலை ஏறி, கடலோரமாச் சுத்தி வாங்க. அதுவரைக்கும் கடையை நான் பார்த்துக்கறேன்." சொன்னதோடு நிற்காமல், வண்டியை வாடகைக்குப் பேசி வீட்டு வாசலிலும் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வளைவில், கழுத்துவரை பார்சல் அடுக்கிய பழைய சைக்கிளில் ஒரு தபால்காரர் விசில் அடித்தபடி அவர்களைத் தாண்டிப் போனார்.

"ஒத்தை ஆளு. பார்சல் வேற. பார்த்தியா மாப்ளே?"

"பார்த்தேன் மாமா. நல்லா மிதிக்கிறாரு."

இந்தப் பதிலில் ஏதோ குத்தல் இருப்பதாக ரொட்டிக் கடைக்காரருக்குப் பட்டது.

வழியிலிருந்த பெட்டிக்கடையில், சவரம் செய்கிற சிறிய கண்ணாடி ஒன்றை வாங்கி ஹேண்டில்பாரில் கட்டினார். "பின்னாடி வர்ற வண்டியைப் பார்க்க" என்றார். பின்னால் வருகிற வண்டியை அவர் பார்க்கவே இல்லை. மைத்துனனின் முகத்தைத்தான் பார்த்தார். அந்த முகம் சிவந்து, பல்லைக் கடித்து, கண் பிதுங்கிக் கிடந்தது. நிஜமாக மிதிக்கிறவன் முகம் இவ்வளவு பாடா படும்? நாடகத்தில்கூட இப்படி யாரும் சாக மாட்டார்களே!

"மாமா, முன்னாடி! முன்னாடி பாருங்க!"

ரோடு போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் சைக்கிள் ஏறி, யோசித்து, சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடியில்லை. கண்ணாடி மட்டும் நடுவில் விரிசல் விட்டது. அதன்பிறகு அதில் இரண்டு மைத்துனர்கள் தெரிந்தார்கள். இரண்டு பேருமே மிதிப்பதாக ரொட்டிக் கடைக்காரருக்குத் தோன்றவில்லை.

மலை உச்சியில் ஒரு தங்கும் விடுதி. மைத்துனன் குளிக்கப் போன நேரத்தில் புதிய யோசனை பிறந்தது. வண்டி இவ்வளவு கனக்கிறது என்றால், இவன் பையில் என்னத்தைத் திணித்து வந்திருக்கிறான்? ஜிப்பை மெதுவாக இழுத்தார். உள்ளே வெந்நீர்ப் பை, தோளுக்குப் போடுகிற பட்டை, தைல பாட்டில், ஒரு தலையணை. எல்லாம் அவருடையவை. அடியில் மைத்துனனின் சட்டை ஒன்றே ஒன்று.

"அக்கா குடுத்துவிட்டுச்சு மாமா." மைத்துனன் துண்டோடு வாசலில் நின்றான். "வேற தலகாணின்னா உங்களுக்குத் தூக்கம் வராதாமே. உங்க தோள்ல கனம் ஏத்த வேணாம்னு நானே தூக்கிக்கிட்டேன்."

"நான் வந்து... தைலம் தேடினேன்."

"தேடிட்டுத்தான் தைலத்தைக் கட்டில்ல தூக்கிப் போட்டிருக்கீங்களா? என் சட்டைப் பையை வேற வெளிய இழுத்து வச்சிருக்கீங்க."

ரொட்டிக் கடைக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது. நல்ல பையனைப் போய் இப்படி நினைத்தோமே என்று உருகிப் போய், தலையணையில் தலை வைத்தார். வைத்ததுமே மறுபடி எழுந்து உட்கார்ந்தார். மலை ஏற வருகிறவன் ஒரே ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டு வருவானா? வேர்க்கவே போவதில்லை என்று முடிவு செய்தவன்தான் அப்படி வருவான்!

மறுநாள் இறக்கம். இறக்கத்திலாவது வண்டி பறக்கும் என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். அது பறக்கவில்லை. மனசில்லாத மாப்பிள்ளை மணமேடைக்குப் போவதுபோல் நகர்ந்தது. கடைசியில் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியதாயிற்று.

"மாப்ளே, காலைத் தரையில தேய்ச்சுக்கிட்டு வர்றியா?"

"எதுக்கு மாமா தேய்க்கணும்? வேணும்னா செருப்பைப் பாருங்க." கழற்றி நீட்டினான். அடிப்பாகம் தேயவே இல்லை.

"அதானே பார்த்தேன்! மிதிக்கிறவன் செருப்பு இப்படியா புத்தம்புதுசா இருக்கும்?"

"தேஞ்சிருந்தா தேய்ச்சேங்கிறீங்க. தேயலைன்னா மிதிக்கலைங்கிறீங்க. நான் செருப்பைத் தலையிலயா மாமா போட்டுக்க முடியும்?"

"இடத்தை மாத்து. நீ முன்னாடி உக்காரு. நான் பின்னாடி."

மாறி உட்கார்ந்தார்கள். இப்போது கடலோரச் சாலை. ஒரு பக்கம் பாறையும் பச்சையுமாக மலை, மறு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை நீலம், அதில் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் படகுகள். காரில் போகிறவர்களெல்லாம் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் பார்த்தது மைத்துனனின் முதுகை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கடல் காற்று என்றால் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டார்.

முன்னால் இருந்தவனோ ஆளில்லாத சாலையில் கை காட்டித் திரும்பினான். ஒவ்வொரு வளைவிலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்குள் ரொட்டிக் கடைக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

சரி, இன்றைக்கு உண்மை தெரிந்துவிட வேண்டும். சமதளமாக ஓர் இடம் வந்ததும், அவர் சத்தமில்லாமல் மிதிப்பதை நிறுத்தினார். காலைப் பெடலின்மேல் பூப்போல வைத்தார். இவன் மிதித்தால் வண்டி போகும். மிதிக்காவிட்டால் நிற்கும். இதைவிட நேர்மையான பரீட்சை உண்டா?

வண்டி தளர்ந்தது. தள்ளாடியது. நின்றது. அப்படியே பக்கவாட்டில் மணலில் படுத்தது.

"மாட்டிக்கிட்டியா!" ரொட்டிக் கடைக்காரர் மணலைத் துப்பிக்கொண்டே எழுந்தார். "நான் நிறுத்தினதும் வண்டியும் நின்னுபோச்சு! இவ்வளவு தூரம் உன்னையும் சேர்த்து நான்தான் இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்!"

"நீங்க நிறுத்தினீங்களா?" மைத்துனனின் குரல் கிறீச்சிட்டது. "நான்தான் மாமா நிறுத்தினேன்! நீங்க மிதிக்கிறீங்களான்னு பார்க்கறதுக்கு!"

"என்னையா? என்னைச் சந்தேகப்பட்டியா நீ?"

"முதல் மேட்டுலேர்ந்தே! பின்னாடி உக்காந்து மிதிச்சு மிதிச்சு என் தொடை ரெண்டும் கல்லாயிருச்சு. நீங்க கண்ணாடியில அழகு பார்த்துக்கிட்டு வந்தீங்க!"

"அழகா? உன் மூஞ்சியை மாப்ளே, உன் மூஞ்சியை!"

"நாளைக்குக் கடையிலயும் இதேதானே நடக்கும்? தோள் வலின்னு சொல்லி மாவு மூட்டையை என் தலையில கட்டிட்டு நீங்க கல்லாவுல உக்காந்துக்குவீங்க."

"நீ மூட்டையைத் தூக்கிட்டாலும்! பக்கத்துல நின்னு 'மெதுவாத் தூக்குங்க, ஓரமா வைங்க'ன்னு சொல்லுவே!"

இனி ஏறி ஓட்டுவதற்கு இருவருக்கும் மனமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார், மைத்துனன் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டான். சற்று தூரம் போனதும் ரொட்டிக் கடைக்காரர் நின்றார்.

"தள்றியா, சும்மா பிடிச்சுக்கிட்டு வர்றியா?"

"நீங்க இழுக்கிறீங்களா, சாஞ்சுக்கிட்டு வர்றீங்களா?"

அந்த இடத்திலேயே ரொட்டிக் கடைக்காரர் போனை எடுத்தார். பிஸ்கட் கம்பெனிக்காரர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "கடையை எடுத்துக்கங்க சார். திங்கட்கிழமை வந்துடறேன்" என்றார். அந்தப் பக்கம் மைத்துனன் டிரைவிங் ஸ்கூலுக்குப் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா சார், வெளியூர்க் கிளைன்னாலும் பரவாயில்ல சார். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது சார்."

ஊர் வரும்வரை இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். வண்டி தள்ளத் தள்ள முனகிக்கொண்டே வந்தது.

சைக்கிள் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தார். அடுப்பில் மறந்துபோன ரொட்டிபோல் கறுத்துச் சுருங்கி நின்ற இரண்டு முகங்களையும் பார்த்தார். வண்டியை உள்ளே உருட்டப் பார்த்தார். அது லேசில் உருளவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, குனிந்து, பின்சக்கரத்துப் பக்கம் ஒரு திருகை மூன்று சுற்றுத் தளர்த்தினார். சக்கரத்தை ஒற்றை விரலால் ஒரு தட்டு தட்டினார். அது கிர்ரென்று சுழலத் தொடங்கியது. சுழன்றுகொண்டே இருந்தது. மாமாவும் மைத்துனனும் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இறக்கத்துல ரெண்டு பேரும் தலைதெறிக்கப் பறப்பாங்க, யாரு கையிலயும் பிரேக்கை நம்பிக் குடுக்க முடியாதுன்னு உங்க வீட்டம்மாதான் சார் பாதி பிரேக் பிடிச்ச மாதிரியே இறுக்கித் தரச் சொன்னாங்க," என்றார் சைக்கிள் கடைக்காரர். "ஆமா, இதையும் இழுத்துக்கிட்டு மலை ஏறியிருக்கீங்களே, உங்க ரெண்டு பேர்ல யாரு சார் அப்படி மிதிச்சது?"