இரண்டு அங்குலம் கத்தரித்த டேப்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா ஆசியுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் நானும் உன் அத்தானும் நலம். இந்த வரியை முறைக்காக எழுதியிருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு, இதில் எவ்வளவு நம்பலாம் என்று நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உன் அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, அவர் உடம்பில் ஓய்வு பெறாமல் இருப்பது காது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ பெரியவரைக் கொண்டுவரப் போகிறாய். ஒன்பது வருஷம் நீ வளர்த்த தங்கமீன் அவர், நீ புது வேலைக்குப் போகிற இடத்தில் மீனுக்கு அனுமதி இல்லை, "அக்கா, உன்னைத் தவிர யாரையும் நம்பிக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிக் காலித் தொட்டியை முன்னாலேயே வண்டியில் அனுப்பினாயே, அந்த நம்பிக்கைக்கு இந்த வீட்டில் என்ன கதி நேர்ந்தது என்பதை மறைத்துவிட்டு நான் எப்படி சாமி முன்னால் கைகூப்புவேன்?

"தொட்டி வைக்கிற ஸ்டாண்டை நானே செய்யறேன்" என்றார் உன் அத்தான். முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைலுக்கு நாடா கட்டியதைத் தவிரக் கையால் ஒரு காரியம் செய்தறியாதவர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்தேன், புதுப் பேனா கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். பழைய கட்டிலைப் பிரித்தார். என் தையல் டேப்பை எடுத்தார். அந்த டேப்பை உனக்குத் தெரியும், முனை இற்றுப்போய் முதல் இரண்டு அங்குலத்தை நானே கத்தரித்துவிட்டேன், அதில் எதை அளந்தாலும் வருகிற எண்ணிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். போன வருஷம் ஜன்னல் திரைக்கு அளந்து கொடுத்தார், கழிக்க மறந்துவிட்டார், திரை இன்றுவரை தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் என் கணக்கு நோட்டில் 'தொட்டி நீளம் 36' என்று எழுதி வைத்திருந்தார். பார்த்ததும், பாவம், இந்தத் தடவையும் மறந்திருக்கிறார், சொன்னால் முகம் வாடிவிடும் என்று நானே இரண்டைக் கழித்து, 6-ஐ 4 ஆக்கி, அவர் கையெழுத்தைப் போலவே சுழித்துவிட்டேன். (அன்றைக்கே பிரார்த்தனையில் இதையும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.) வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஞாபகமாகக் கழித்துவிட்டுத்தான் எழுதினார் என்பது எனக்கு எப்படியப்பா தெரியும்? அகலத்தை மட்டும் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்திருந்தார், அது ஒன்று தப்பியது.

நாலு நாள் அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்து, மாடிவீட்டுக்காரரை வேறு வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார். தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு அங்குலம் வெளியே, அந்தப் பக்கம் ஒரு அங்குலம் வெளியே. நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர், கூடவே பெரியவர், இதெல்லாம் அந்தரத்தில் தொங்குவதா!

"வெயிலுக்குக் கண்ணாடி கொஞ்சம் நீளும்" என்றார் உன் அத்தான்.

"ரெண்டு இன்ச்சா சார் நீளும்?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

அன்று சாயங்காலமே உன் அத்தான் கிளம்பினார். மூலையில் கசிவு இருக்கிறது, சரிசெய்து வாங்குகிறேன் என்று தொட்டியைக் கண்ணாடிக்கடைக்கு அனுப்பினார். மறுநாள் ஸ்டாண்டைப் பாலிஷ் போட என்று தச்சரிடம் கொண்டுபோனார். பாலிஷ் போட்டால் நீளம் வளருமா? கௌரவம் பார்த்து உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடுவார் என்று பயந்து, கடைக்குப் போகிற சாக்கில் நானே தச்சரிடம் போய், "ரெண்டு இன்ச் கூட்டிடுங்க, சார்கிட்ட மூச்சு விடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன்.

ஸ்டாண்ட் திரும்பி வந்தது. என் டேப்பால் அளந்து இரண்டைக் கழித்தேன், முப்பத்தெட்டு! நாமே கழிக்க மறந்தோமோ என்று மறுபடி கழித்துப் பார்த்தேன், கழித்தபிறகுதான் தம்பி முப்பத்தெட்டு! சுவருக்கும் கதவுக்கும் நடுவில் அது நுழையவே இல்லை. இருவரும் தச்சரிடம் ஓடினோம்.

அவர் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை. "சார் வந்து ரெண்டு கூட்டச் சொன்னார், வீட்டம்மாகிட்ட சொல்லாதேன்னார். நீங்க வந்து ரெண்டு கூட்டச் சொன்னீங்க, சார்கிட்ட சொல்லாதேன்னீங்க. நான் யாருக்கும் துரோகம் பண்ணல. இனிமே அளவு சொல்றதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க."

நான் உன் அத்தானைப் பார்த்தேன். அவர் மரத்தூளைப் பார்த்தார். "நோட்டுல நீ ஏம்மா கழிச்ச?" "நீங்க மறந்திருப்பீங்கன்னுதாங்க." "முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை ஞாபகம் வெச்சேன்." "அதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" "நீ ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" தச்சர் தன் இரும்பு டேப்பை நீட்டினார். ஒரு முனையை உன் அத்தான் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன், அதிகமான இரண்டு அங்குலத்தைத் தச்சர் அறுத்தார். இப்போது ஸ்டாண்ட் அச்சாக முப்பத்தாறு. நோட்டிலும் 36 என்று என் கையால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். இனி ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எதையும் திருத்துவதில்லை என்று சாமி முன்னால் இருவரும் சொல்லியாகிவிட்டது.

ஆகவே பயப்படாமல் பெரியவரை அழைத்து வா. அத்தானிடம் எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. புது இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டது வீண்போனதில்லை.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது கண்ணாடிக்கடைக்காரர் தொட்டியோடு வந்து நிற்கிறார். தம்பி, நீ உட்கார்ந்துகொண்டு படி. கசிவும் இல்லை ஒன்றும் இல்லை. தன் ஸ்டாண்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உன் அத்தான் முதல் நாளே தொட்டியை இரண்டு அங்குலம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்! "மறுநாளே வேண்டாம்னு சொன்னேனேப்பா?" என்று இவர் கத்த, "நீங்க சொன்னப்ப வெட்டியாச்சு சார். உங்க முகத்தைப் பாத்து அதைச் சொல்ல மனசு வரல" என்கிறார் அவர். முதலில் செய்த ஸ்டாண்டே இதற்குக் கனகச்சிதமாக இருந்திருக்கும். பசை காய ஒரு வாரம் ஆகுமாம். பெரியவருக்குக் குளியலறைத் தொட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். புது அளவைக் குறித்துக்கொள்ள இப்போதுதான் நோட்டைத் திறந்தேன். நான் எழுதிய 36 இருந்த இடத்தில் 34 என்று ஏற்கெனவே இருக்கிறது. அச்சு அசல் என் கையெழுத்து. நான் எழுதவில்லை.