பயமுறுத்தச் சொன்னால் உள்ளதைச் சொன்னவன்

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு நடந்துகொண்டிருந்தேன், தோளில் துணிப்பையோடு. பஸ் இல்லாமல் இல்லை. ஏறினால் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் யாராவது உள்ளே இருப்பார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் வேன் க்ளீனர். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர், சூரத், ஹைதராபாத் என்று வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். இங்கேதான் ஸ்டோர் ரூமில் படுக்க இடம் கொடுத்தார்கள். ஒழுங்காக இருந்தால் ஆபீஸ் வேலை என்றும் ஆசை காட்டியிருந்தார்கள்.

அந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் படிக்க ஆளுக்கொரு டேப்லட், எங்கள் வாயில் டேப், கொடுத்தார்கள். பெற்றோருக்குப் போன விளக்கமெல்லாம் இங்கிலீஷில். ஒருவரும் படிக்கவில்லை. பிள்ளைகள் விடிய விடிய படம் பார்த்தார்கள். கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். நான் பேசினால் சனங்களுக்குப் புரிகிறதாம். படம் பார்க்க விடாதீர்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு, கொஞ்சம் பயமும் இருக்கட்டும் என்றார். (பயம் என்ற வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.)

"அந்த டேப்பு வழியா உங்க வூட்ட நாங்க இங்கருந்தே பாத்துகினு கீறோம். புள்ள எப்ப தூங்குது, போர்வைக்குள்ள இன்னா பண்ணுது, எல்லாம் தெரியும்."

அனுப்பிவிட்டு நானே மூன்று முறை கேட்டு ரசித்தேன். அவ்வளவு பெரிய மேதை.

மறுநாள் காலை வேனில் ஏறிய டேப்புகளில் சிலவற்றின் கேமரா மேல் பிளாஸ்திரி, சிலவற்றில் ஸ்டிக்கர் பொட்டு. ஒன்று ஈரத்துண்டுக்குள் இருந்தது. பேங்க் அதிகாரி ஒருவர் முழு டேப்பையும் அலுமினியத் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். (படித்தவர்.)

பின்னாலேயே பெற்றோரும் வந்து ஹாலை நிறைத்தார்கள். கரஸ்பாண்டென்ட் என்னைக் காட்டி, படிக்காத பையன் ஏதோ உளறிவிட்டான் என்றார். ஸ்டோர் ரூம் போய்விடக் கூடாதே என்று நானும் கைகட்டித் தலையாட்டினேன். கேம்ப் ரோட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள்.

"எங்க வூடு ஒரே ரூமு சார். நான் துணி மாத்தறதும் அங்கதான். இங்கருந்து பாக்க முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லு."

டேப் கம்பெனியிலிருந்து டை கட்டி வந்தவர் தொண்டையைச் செருமினார்.

"முடியும் மேடம். ஆனா பாக்க மாட்டோம்."

ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் ஆயுளில் நான் விட்ட அத்தனை புளுகிலும் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான்.

மதியத்துக்குள் டேப்பெல்லாம் ஆபீஸ் மேஜையில் வந்து குவிந்தன. கரஸ்பாண்டென்ட் என்னை அறைக்குள் அழைத்தார். பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"பயமுறுத்தச் சொன்னா, உள்ளதையாடா சொல்லுவ?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றிரவு கடப்பேரியில் என் அக்கா வீட்டில் தங்கி, கதையைச் சொன்னேன். இன்றைக்கும் நான் உள்ளே நுழைந்தால் அக்கா போனைக் கவிழ்த்து வைக்கிறாள்; மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்.

வேலை போன மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் பழைய மிக்சி விற்கிறவருக்கு மைக் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. ராக்கெட்டில் போடுகிற மோட்டார் என்று கூவினேன். ஒருத்தரும் நம்பவில்லை. மிக்சியை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.