பழுதற்ற சர்வரும் பணியாளர் எண் பதினேழும்

மனித குலம் சக்கரத்திற்குப் பிறகு படைத்த தலைசிறந்த பொருள், பதிவேட்டு இயக்ககத்தின் சர்வர் கணினிதான். ஐயமுள்ளவர்கள் வரவேற்பறைச் சுவரைப் பார்க்கலாம். 'ஏழாண்டுகளாகப் பழுதே இல்லை' என்று பித்தளையில் பொறித்து, இயக்குநர் தம் பெயரையும் கொஞ்சம் பெரிதாகவே பொறித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பழுதற்ற சர்வர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் படுத்துவிட்டது.

அதைப் பராமரிக்கும் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய இடமாறுதல் உத்தரவு அதற்குள்தான் இருந்தது. கணவரும் ஆறு வயது மகளும் வேறு ஊரில். இவள் மூன்று வருடமாக இங்கே விடுதி அறையில். அன்று மாலை ஐந்துக்குள் அச்சாகாவிட்டால் உத்தரவு காலாவதி. "அம்மா, உன் தலகாணிக்கு உறை மாத்தியாச்சு. வந்துடுவல்ல?" என்று காலையில்தான் மகள் போனில் கேட்டிருந்தாள்.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, குளிரூட்டிய சர்வர் அறைக்குள் போனாள். மேலே உள்ள மென்பொருளெல்லாம் விழுந்து கிடந்தாலும், அடியில் ஃபார்ம்வேர் என்று ஒன்று விழித்திருக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்; அந்த அலுவலகத்தில் அப்படிப்பட்டது அது ஒன்றுதான். 'எல்லாவற்றையும் சோதி' என்று அதற்குக் கட்டளையிட்டாள். நான்காவது மெமரி அட்டை பழுது என்று பதில் வந்தது. கழற்றிவிட்டு மறுபடி இயக்கினால் போதும், பத்து நிமிட வேலை. ஆனால் அட்டையைத் தொட, இயக்குநர் கையெழுத்திட்ட பழுது அறிக்கை வேண்டும்.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"பழுதுன்னு யாரும்மா சொன்னது?"

"சர்வரே சொல்லுது சார்."

"அப்படிச் சொல்ல அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

கண்காணிப்பாளர் ஏழு கோப்புகளைப் புரட்டி, யாரும் கொடுக்கவில்லை என்று உறுதிசெய்தார்.

"நாம கேக்கப்போய்தானே சொல்லுது? கேக்காம விட்டா?" என்றார் இயக்குநர்.

"சோதனையை அணைச்சு வைக்கலாம் சார். எழுந்துக்கும். ஆனா ரெக்கார்டெல்லாம் கன்னாபின்னான்னு ஆயிடும்."

"எழுந்துக்குமில்ல? அது போதும்."

'பழுதுக்கு மூலகாரணம் சோதனையே' என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியபோது மணி நான்கு. பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சோதனையை அணைத்தாள். சர்வர் இரண்டே நிமிடத்தில் எழுந்தது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிடமாயிற்று. கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் 'பழுதின்மைச் சான்று' ஒன்றில் கையெழுத்திட்டார்.

நாலரைக்கு இடமாறுதல் உத்தரவு அச்சானது. பழுதான மெமரியில் ஓர் இலக்கம் தவறிப்போய், பணியாளர் எண் பதினேழு, ஒன்று ஆகியிருந்தது. பதினேழு பொறியாளர். ஒன்று இயக்குநர். அவர் மறுநாள் காலை, மூன்று பேர் மட்டுமே உள்ள கிளை அலுவலகத்தில், கேபிள் பார்க்கும் வேலையில் சேர வேண்டும்.

"இது தப்பு! மெஷின்ல கோளாறு!"

"சோதிக்காம எப்படி சார் சொல்றது?"

"சோதிம்மா! இப்பவே சோதி!"

"கூட்டம் போட வேண்டாமா சார்?"

"கூட்டமாவது மண்ணாவது! அறிக்கை எங்க? பேனா எங்க?"

அலுவலகத்தில் உள்ள நாற்பது பேரின் பதிவேடுகள் நாசமானாலும் அசையாத அந்தப் பேனா, ஒரே ஒரு நாற்காலி ஆடியதும் நின்ற நிலையிலேயே கையெழுத்திட்டது. அவள் ஓடிப்போய் அட்டையைக் கழற்றினாள். மெமரியை மட்டும் சோதிக்கச் சொன்னாள். இம்முறை பழுதில்லை. நாலு ஐம்பத்தேழுக்கு அவளுடைய உத்தரவு அவள் பெயரிலேயே வந்தது. அழுகை வந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பேருந்துக்கு ஓடினாள்.

மறுநாள் மேலிடத்திற்கு ஓர் அறிக்கை போயிற்று. நிர்வாகத் தெளிவுக்கு அதைவிடச் சிறந்த சான்று இனி எழுதப்படப் போவதில்லை. மொத்தம் இரண்டே வரி.

'பழுதைக் கண்டுபிடித்தவர்: இயக்குநர்.

பழுதை உண்டாக்கியவர்: இடமாறுதலாகிப் போனவர்.'