பத்தால் வகுத்த படலம்

வாழ்க, வகுத்தலின் வேந்தர்! வாழ்க, சுண்ணக்கட்டியே வாளாக, கரும்பலகையே களமாக, எட்டாம் வகுப்பின் மூன்று பிரிவுகளையும் ஒற்றைப் புருவ நெரிப்பால் நடுநடுங்க வைத்த கணக்கு வாத்தியார்! கலைமகளே, அவர் வீரத்தைப் பாடப் புகுந்த இந்த நாவுக்குத் தெம்பைக் கொடு. சிரிப்பை மட்டும் கொஞ்சம் அடக்கிக் கொடு.

பத்தாண்டுகளுக்கு முன் இதே சமையலறையில் பிறந்தது அந்தச் சபதம். பங்குச்சந்தை என்னும் அலைகடலில், மியூச்சுவல் ஃபண்டு என்னும் கலத்தில், வாத்தியார் தம் ஒரு லட்சத்தை ஏற்றி அனுப்பினார். அதே பள்ளியில் வேதியியல் நடத்தும் அவர் மனைவியோ, தம் ஒரு லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் பூட்டி வைத்தார். பத்தாண்டு கழித்து எவர் பணம் குறைவாக வளர்ந்திருக்கிறதோ, அவரே ஆயுளுக்கும் பாத்திரம் தேய்க்க வேண்டும். அதுவரை ஆளுக்கொரு நாள்.

வந்தது அந்த ஞாயிறு. சந்தை சரிந்த மாதங்களில் கைபேசிப் பக்கமே திரும்பாத அத்தீரர், இன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மார்பை நிமிர்த்தி, திரையைத் திறந்தார். ஒரு லட்சத்து எண்பதாயிரம்! வளர்ச்சி எண்பது சதவீதம், ஆண்டுகளோ பத்து என்று கண்ட கணமே, மதங்கொண்ட யானை மூங்கிற்புதரைப் பிளப்பதுபோல் எண்பதைப் பத்தால் பிளந்து, எட்டு என்னும் வெற்றிக்கொடியை ஏந்தி, சாப்பாட்டு மேசையே அதிர அவர் முழங்கினார்.

“கேட்டுக்கோ! வருஷத்துக்கு எட்டு! உன்னோடது வெறும் ஏழு! இனி இந்தக் கை பாத்திரம் தேய்க்கிற நாரைத் தொடாது!”

மனைவி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

“என்னோடது எவ்வளவு ஆச்சுன்னு பாக்க வேணாமா?”

“ஏழு பத்து எழுபது. இதுல பாக்க என்ன இருக்கு?”

மனைவி தம் கைபேசியை அவர் பக்கம் திருப்பினார். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

ஐயகோ! எள்ளப்பட்ட அந்த ஏழு, ஆண்டுதோறும் தான் வென்ற வட்டியையும் தன் படையிலே சேர்த்துக்கொண்டு, வட்டிக்கு வட்டி என்று பெருகிப் பெருகி வந்திருந்தது. அதே அளவுகோலை வைத்தால், எட்டு என்று மார்தட்டிய அவர் பணம் ஆண்டுக்கு ஆறு சொச்சம்தான் வளர்ந்திருந்தது. பாவம், இது அவருக்குத் தெரியாததா? இருபது வருடமாக அவர் நடத்தும் பாடமே அதுதான்.

“ஏங்க, கூட்டு வட்டிக் கணக்கை எவனாவது இப்படிப் பத்தால வகுத்தா நீங்க என்ன மார்க் போடுவீங்க?”

முட்டை. அதுவும் சிவப்பு மையில், பக்கம் முழுக்க. அந்தச் சிவப்பு இப்போது அவர் காதுவரை ஏறியிருந்தது.

“சந்தை அடுத்த மாசம்...” என்று வீரர் கடைசி அம்பை எடுத்தார். மனைவியோ சோப்பு நுரை சொட்டும் நாரை, மாமன்னர்க்குச் செங்கோல் நீட்டுவதுபோல் இரு கையாலும் நீட்டினார்.

பால் பாத்திரம் அடிப்பிடித்திருந்தது.