ஆறாம் பக்கத்து மந்திரம்

காற்றாலை மனிதரின் மூச்சைக் குடிக்கிறதாம்! சொன்னது யார்? நம்மூர் நாளிதழ். முதல் பக்கம், கொட்டை எழுத்து. "மூச்சைக் குடிப்பது உண்மை இல்லை" என்று நிபுணர் சொன்னதில் "இல்லை"யை விழுங்கிவிட்டு அச்சடித்துவிட்டார்கள். மறுநாள் ஆறாம் பக்க மூலையில், பொடி எழுத்தில், "தவறுக்கு வருந்துகிறோம்". யார் படித்தார்கள்? ஈ, காக்கை கூடப் படிக்கவில்லை.

அந்த ஒரு "இல்லை"யை வைத்துப் பிழைக்க வந்தவர்தான் காத்தடக்கியார். காற்றாலைக்கு எதிரே நின்று கையைத் தூக்குவார். என்னவோ முணுமுணுப்பார். றெக்கை நின்றுவிடும்! கூட்டம் வாயைப் பிளக்கும்; பிளந்த வாய் மூடுவதற்குள் மந்திரக் கயிறு விற்றுத் தீர்ந்துவிடும். கட்டிக்கொண்டால் மூச்சு தப்புமாம். மருந்தை மட்டும் தொடக் கூடாதாம், கயிறு கோபித்துக்கொள்ளுமாம்!

நாளிதழில் திருத்தம் எழுதுகிற பெண்ணின் அக்காவும் ஒரு கயிறு வாங்கினாள். அக்கா மகளுக்கு இளைப்பு. கயிறு கையில், இன்ஹேலர் குப்பைக்கூடையில். குழந்தை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துத் தங்கை அக்காவிடம் பாய்ந்தாள்.

"அந்தச் செய்தி தப்புன்னு நாங்களே போட்டோமேக்கா!"

"எங்கடி போட்டீங்க?"

"ஆறாம் பக்கத்துல."

"பொய்யை முதல் பக்கத்துல போடுவீங்க, உண்மையை மூலையில போடுவீங்களா? நல்லாருக்குடி உங்க நியாயம்! அவரு கையத் தூக்கினாரு, அது நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்."

தங்கைக்குச் சுருக்கென்றது. அலுவலகத்துக்கு ஓடிப் பழைய இதழ்களைப் புரட்டினாள். காத்தடக்கியார் கை தூக்கிய ஒவ்வொரு நாளுக்கும் முன்னதாக, அதே ஆறாம் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: "பராமரிப்புக்காகக் காற்றாலை நிறுத்தப்படும்." நாளும் நேரமும் அதிலேயே இருந்தன. மந்திரம் அச்சாகித்தான் வந்திருக்கிறது!

இந்த வார அறிவிப்பில் ஒரு பிழை. வெள்ளிக்குப் பதில் வியாழன் என்று விழுந்துவிட்டது. திருத்தமும் வந்தது, வழக்கமான மூலையில். காத்தடக்கியாரோ வியாழன் என்றே ஊரைக் கூட்டியிருந்தார்.

வியாழன் விடிந்ததும் தங்கை புது இன்ஹேலரோடு அக்கா வீட்டில் நின்றாள். "பாப்பாவையும் தூக்கிக்கிட்டு வாக்கா. அது நின்னா நானும் கயிறு கட்டிக்கிறேன். நிக்கலைன்னா பாப்பாவுக்கு இதைக் குடு."

காத்தடக்கியார் கையைத் தூக்கினார். றெக்கை சுற்றியது. இரண்டு கையையும் தூக்கினார். இன்னும் ஜோராகச் சுற்றியது. அடித்த காற்றில் அவர் சால்வை அவர் முகத்தையே மூடியது.

"கூட்டத்துல நம்பிக்கை இல்லாதவங்க யாரோ இருக்காங்க!"

"நான்தாங்க அது," என்று முன்னால் வந்தாள் தங்கை. "காத்தாலையைப் பராமரிப்புக்கு நிறுத்துற நாளை வியாழன்னு போட்டது எங்க பேப்பர் தப்பு. வெள்ளின்னு திருத்தம் போட்டோமே, நீங்க பாக்கலையா?"

"அடச்சே! எந்தப் பக்கத்துல?" என்று கேட்டுத் தொலைத்தார் மகான்.

கூட்டம் சிரித்தது பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! அக்கா சிரிக்கவில்லை. கயிற்றைப் பிய்த்து அவர்மேல் எறிந்தாள். இன்ஹேலரைப் பிடுங்கிக் குழந்தையின் வாயில் வைத்தாள். சற்று நேரத்தில் திணறல் அடங்கியது. அதற்குள் மகானைக் காணோம்.

மறுநாள் முதல் பக்கத்தில், "மோசடியை முறியடித்தது நமது நாளிதழ்!" என்று மார்தட்டல். இதற்கும் ஒரு திருத்தம் தேவை.

கொட்டை எழுத்தை நம்பிப் பிள்ளையின் மூச்சையே பறிகொடுக்கப் பார்க்கும் மகாஜனங்களே, ஆறாம் பக்கம் வரைக்கும் புரட்டினால் கை சுளுக்கிக்கொள்ளுமா? உங்களை ஏமாற்றுகிறவன் புரட்டுகிறானே!